கமிஷன் போக கைக்கு நிற்பது: சேகரிப்பு நாணயங்களை இணையத்தில் லாபத்தோடு விற்கும் முறை

பழைய நாணயங்களை இணையச் சந்தையில் விற்க ஆரம்பிக்கிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி கமிஷனைப் பற்றித்தான். நூற்றுக்குப் பத்து, பதிமூன்று என்று சந்தைக்காரரே எடுத்துக்கொண்டால் நமக்கு என்ன மிஞ்சும்? நன்றாகவே மிஞ்சும், அந்தக் கணக்கை நாணயத்தை வாங்கும் முன்பே போட்டுவிட்டால். விற்ற பிறகு கணக்குப் போட்டுப் பயனில்லை. மாற்றக்கூடிய ஒரே தொகை நாம் வாங்கிய விலை. அது அப்போது கைமீறிப் போயிருக்கும்.

நான் போடும் கணக்கை அப்படியே தருகிறேன். எந்த நாட்டுப் பணமானாலும் சரி, ஒரு நாணயம் 100க்கு விற்கும் என்று வையுங்கள். அஞ்சல் செலவாக வாங்குபவர் 8 தருகிறார். மொத்தம் 108. கமிஷன் 13 சதவீதம், அதோடு ஒவ்வொரு ஆர்டருக்கும் நிலையான கட்டணம் 0.40 என்று கொள்வோம். ஈபே போன்ற சந்தைகள் நாணயத்தின் விலைக்கு மட்டும் கமிஷன் பிடிப்பதில்லை, அஞ்சல் செலவையும் சேர்த்து 108க்குப் பிடிக்கின்றன. அதனால் கமிஷன் 14.04. அதோடு கட்டணம் 0.40, அஞ்சலுக்கு 8, உறைக்கும் அட்டைக்கும் 1.50 எல்லாம் போனால் கையில் ஏறக்குறைய 84. திரும்பி வரும் சரக்குக்கும் தொலைந்துபோகும் பார்சலுக்கும் நான் 5 ஒதுக்குவேன். மிச்சம் 79. போட்ட முதலுக்கு 20 சதவீதமாவது லாபம் வேண்டுமென்றால் அந்த நாணயத்தை 65க்கு மேல் வாங்கக் கூடாது. 75க்குக் கிடைக்கிறதே, நல்ல விலைதானே என்று தோன்றும் நாணயத்தை நான் விட்டுவிடுவது இதனால்தான். கட்டண விகிதம் சந்தைக்குச் சந்தை, பிரிவுக்குப் பிரிவு மாறும். நாணயப் பிரிவுக்கு உரிய கட்டணப் பக்கத்தைப் படித்து, உங்கள் எண்களைப் போட்டு இதே கணக்கை ஒருமுறை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 100 என்ற எண்ணை எங்கிருந்து எடுப்பது? விற்பனைக்கு நிற்கும் விலைகளைப் பார்த்து எடுக்காதீர்கள். யார் வேண்டுமானாலும் என்ன விலையும் கேட்கலாம். விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி சந்தையில் இருக்கும். அதில் அதே ஆண்டு, அதே நாணயச்சாலைக் குறி (எந்த ஊரில் அடித்தது என்று காட்டும் சின்ன எழுத்து), அதே அளவு தேய்மானம் உள்ளவற்றைத் தேடி, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் தள்ளிவிட்டு நடுவில் இருப்பதை எடுங்கள்.

குறி என்று சொன்னேன். அதன் முக்கியத்துவத்துக்கு மோர்கன் டாலர் என்ற அமெரிக்க வெள்ளி நாணயத்தைப் பாருங்கள். 1921இல் பிலடெல்பியாவில் 4 கோடிக்கும் மேல் அடித்தார்கள். அது எங்கும் கிடைக்கும். 1893இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்தது 1,00,000 மட்டுமே. பின்பக்கம் மாலைக்குக் கீழே சின்னதாக ஓர் எஸ் எழுத்து, விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதனாலேயே அந்த எஸ்ஸைச் சேர்த்து ஒட்டிய போலிகளும் சுற்றுகின்றன. இன்னொரு பக்கம் மரியா தெரேசா தாலர், ஆஸ்திரிய அரசி மரியா தெரேசாவின் உருவம் பொறித்த பெரிய வெள்ளி நாணயம். 1780 என்ற ஆண்டைப் பார்த்துப் பழங்காலப் பொக்கிஷம் என்று நினைத்து அதிகம் கொடுத்துவிடுவார்கள். அந்த அரசி 1780இல் இறந்த பிறகும் அதே ஆண்டைப் பொறித்தே வியன்னாவிலும் வேறு பல ஊர்களிலும் அடித்துக்கொண்டே இருந்தார்கள். பெரும்பாலானவை வெள்ளி விலையை ஒட்டித்தான் போகும். அதைத் தெரிந்து வாங்கினால் அதுவும் நல்ல சரக்குதான், சீக்கிரம் நகரும்.

எனவே ஒரு சின்ன வட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். நான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய வெள்ளி நாணயங்களோடு நின்றுகொண்டேன். அதற்கு வெளியே எவ்வளவு அழகான காசு வந்தாலும் வியாபாரத்துக்கு வாங்குவதில்லை. ஒரே வகையைத் திரும்பத் திரும்பப் பார்த்தால், விற்பவர் தலைப்பில் குறியை எழுத மறந்ததும், பத்துக் காசுகள் கொண்ட கலவையில் ஒன்று மட்டும் நல்லதாக இருப்பதும் நம் கண்ணில் படும். கமிஷனைத் தாங்கும் லாபம் எனக்கு வருவது பெரும்பாலும் அந்த இடத்திலிருந்துதான்.

வெள்ளி, தங்க நாணயங்களில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. மோர்கன் டாலரின் எடை 26.73 கிராம், அதில் 90 சதவீதம் வெள்ளி. அதாவது ஏறக்குறைய 24 கிராம் சுத்த வெள்ளி. அன்றைய வெள்ளி விலையில் அது எவ்வளவு என்று பார்த்துவிட்டு, அதைவிட எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறோம் என்று யோசியுங்கள். அந்தக் கூடுதல் தொகைதான் நாம் துணிந்து போடும் பணம். நூறில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் தராசு, விட்டம் அளக்க ஒரு வெர்னியர் அளவி, ஒரு காந்தம், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், இந்த நான்கும் என் மேசையை விட்டு நகர்வதில்லை. எடையும் விட்டமும் சரியாக இருக்கிறது, காந்தத்தில் ஒட்டவில்லை என்பதை மட்டும் வைத்து அசல் என்று முடிவு செய்துவிடாதீர்கள். ஆனால் இதில் தவறும் காசை அடுத்த நிமிடமே தள்ளிவிடலாம்.

சில்லறை மதிப்புள்ள காசுகளில்தான் கட்டணம் ஆளை விழுங்கும். 5க்கு விற்கும் ஒரு நாணயத்துக்கு மேலே சொன்ன அதே கணக்கைப் போடுங்கள்: அஞ்சலோடு 13 வரும், கமிஷனும் கட்டணமும் 2.09, அஞ்சலுக்கு 8, உறைக்கு 1.50. மிச்சம் 1.41. பத்துக் காசைத் தனித்தனியாக விற்றால் 14.10, அதற்குள் பத்து முறை படம், பத்து முறை பார்சல். அதே பத்தையும் ஒரு தொகுப்பாக, கொஞ்சம் தள்ளுபடி கொடுத்து 42க்குப் போடுங்கள். எடை அஞ்சலின் அதே படிக்குள் அடங்கினால், எல்லாம் போக 33.60 நிற்கும். இரண்டு மடங்குக்கும் மேல்! ஆனால் தொகுப்புக்கு ஒரு பொருள் இருக்க வேண்டும். ஒரே நாடு, ஒரே அரசர், வரிசையான ஆண்டுகள், ஒரே விலங்கின் உருவம், இப்படி ஏதாவது. கைக்கு வந்ததை அள்ளிப் போட்ட குவியலுக்கு யாரும் நல்ல விலை தருவதில்லை.

சரி, இப்போது படம். இதற்கு நான் நேரம் பார்ப்பதே இல்லை. ஏனென்றால் நாணயத்தை வாங்குபவர் வாங்குவது படத்தைப் பார்த்துத்தான். பளீரென்ற ஃபிளாஷ் வேண்டாம், அது மேற்பரப்பைத் தட்டையாக்கிவிடும். ஜன்னல் வெளிச்சமோ இரண்டு மேசை விளக்குகளோ போதும். கேமராவை ஸ்டாண்டில் நேர் செங்குத்தாக நிறுத்தி முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு மூன்றையும் எடுங்கள். அப்புறம் நாணயத்தைச் சற்றுச் சாய்த்து ஒரு படம். மெல்லிய கீறல்களும் இயற்கைப் பளபளப்பும் அதில்தான் தெரியும். குறி இருக்கும் இடத்தை நெருக்கமாக ஒன்று. குறை இருந்தால் அதையும் ஒளிக்காமல் எடுத்துப் போட்டு, கீழே எழுத்திலும் சொல்லுங்கள். குறையைச் சொன்னதால் எனக்கு விற்பனை குறைந்ததில்லை, திரும்பி வரும் சரக்குதான் குறைந்தது.

படம் அழகாக வரவேண்டும் என்று காசைத் தேய்க்காதீர்கள். தயவுசெய்து. புளி, பற்பசை, சோடா, பாலிஷ் எதுவும் வேண்டாம். பல ஆண்டுகளில் தானாகப் படிந்த நிறம்தான் சேகரிப்பாளர் தேடுவது. அதைத் தேய்த்து எடுத்தால் விலையில் பாதி அங்கேயே போய்விடும், திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. மலிவான பிவிசி உறையில் வெகுநாள் இருந்த காசில் பச்சைப் பிசுக்கு ஏறியிருந்தால் மட்டும், சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்துத் தேய்க்காமல் எடுக்கலாம். அசிட்டோன் உலோகத்தைத் தொடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. பிறகு பிவிசி கலக்காத மைலார் பிளாஸ்டிக் உறைக்கு மாற்றுங்கள்.

தலைப்பில் நாடு, மதிப்பு, ஆண்டு, குறி, உலோகம், இருந்தால் கேஎம் எண் (உலக நாணயங்களுக்கான கிராவ்ஸ் பட்டியலில் அந்தக் காசுக்கு உள்ள எண்). ‘அரிய’, ‘அற்புதமான’ போன்ற சொற்களை யாரும் தேடுவதில்லை.

நாணயம் அசலா என்று சோதித்துத் தரம் சொல்லும் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்களுக்கு அனுப்பி 1 முதல் 70 வரையிலான தரம் வாங்கி, மூடிய பெட்டியில் விற்கலாமா? உயரும் விலைக்கும் கமிஷன் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தரக் கட்டணம், போக வர அஞ்சல், காப்பீடு, உயர்ந்த விலையின் மேல் கமிஷன் எல்லாம் கழித்த பிறகும், நீங்கள் எதிர்பார்ப்பதைவிட ஒரு படி குறைந்த தரம் வந்தாலும்கூட லாபம் நிற்குமென்றால் அனுப்புங்கள். போலிகள் நிறைய உலவும் வகைக்கு இது அவசியமே. சாதாரணக் காசுக்கு வீண்.

ஏலமா, நிலையான விலையா என்பதில் என் வழக்கம் எளிது. குறைந்தது இரண்டு பேர் அடித்துக்கொள்வார்கள் என்று உறுதியாகத் தெரிந்த அரிய காசுக்கு மட்டும் ஏலம். மற்றதெல்லாம் நிலையான விலை, அதில் பேரத்துக்கு இடம். பேரத்தில் எதுவரை இறங்கலாம் என்பதை முன்கூட்டியே அடக்க விலைக்குப் பக்கத்தில் எழுதி வைப்பேன். வாங்குபவர் தாமே தேடி வந்து வாங்கும் சரக்குக்கு, கூடுதல் விளம்பரத்துக்கென்று சந்தை கேட்கும் சதவீதத்தை நான் கொடுப்பதில்லை. சந்தைக்கு வெளியே முடித்துக்கொள்ளலாம், கமிஷன் மிச்சம் என்று வருபவருக்கும் மறுப்புதான்: விதிமீறலுக்குக் கணக்கே மூடப்படலாம், பணம் வராவிட்டால் முறையிடவும் இடமில்லை.

பார்சலில் காசு அசையக் கூடாது. உறையில் போட்டு இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவில் வைத்து, டேப் உறையைத் தொடாதபடி ஒட்டுங்கள். குலுக்கினால் சத்தம் கேட்கக் கூடாது. விலை கூடிய சரக்குக்குத் தடம் பார்க்கும் வசதி, காப்பீடு, கையெழுத்து மூன்றும் வேண்டும். எடையைக் காட்டிக் கட்டும் காட்சியை ஒரே தொடர்ச்சியாக வீடியோ எடுத்து வையுங்கள். ஒருமுறை ஒருவர் தேய்ந்த வேறொரு காசை என்னுடையது என்று திருப்பி அனுப்பினார். என் படத்தில் விளிம்பை ஒட்டி மணிமணியாக இருக்கும் புள்ளிகளில் ஒன்றின் மேல் ஒரு சின்ன வெட்டு இருந்தது. வந்த காசில் அது இல்லை. அந்த ஒரு படத்தால் பணம் எனக்கே திரும்பியது.

மூன்று மாதம் யாரும் விசாரிக்காத நாணயத்தின் விலையைக் குறையுங்கள், அல்லது ஒரு தொகுப்பில் சேர்த்துவிடுங்கள். அதில் முடங்கிக் கிடக்கும் முதல் வெளியே வந்தால்தான் அடுத்த நல்ல காசை 65க்கு வாங்கக் கையில் பணம் இருக்கும்.