பழைய வீட்டையும் அதன் தெருவையும் செப்பனிடுதல்: சென்னைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய வீட்டைச் செப்பனிடலாம் என்று முடிவு செய்தவுடன் நம்மில் பலர் முதலில் கூப்பிடுவது பெயிண்டரை. அவர் வந்து, உப்புப் பூத்த சுவரைச் சுரண்டிப் பட்டி பார்த்து, இரண்டு கோட் அடித்துவிட்டுப் போவார். அடுத்த ஐப்பசி மழையில் அதே இடத்தில் அதே உப்பு மறுபடியும் பூக்கும். திருவல்லிக்கேணியில் எங்கள் தாத்தா காலத்து வீட்டின் கூடத்துச் சுவர் எங்களை இப்படி மூன்று முறை ஏமாற்றியது. நான்காவது முறை வந்த வயதான மேஸ்திரி, சுவரைப் பார்க்காமல் நேரே மாடிக்கு ஏறிப்போய், மழைநீர் வெளியேறும் தூம்பின் வாயில் கையை விட்டுத் துழாவி, ஒரு பிடி சேற்றையும் அதில் வேர்விட்டிருந்த அரசங்கன்றையும் வெளியே எடுத்துக் காட்டினார். "சுவத்துக்கு மருந்து அப்புறம் பாக்கலாம் தம்பி, மொதல்ல தலை நனையாம இருக்கட்டும்" என்றார். இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போகும் வேலை வரிசை அவரிடம் கற்றதுதான்: முதலில் நீர், அடுத்து மரம், பிறகு காரை, கடைசியாக வண்ணம்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, சிந்தாதிரிப்பேட்டை, ஜார்ஜ் டவுன், இராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை ஆகிய பகுதிகளில், சிமெண்ட் கான்கிரீட் பரவலாவதற்கு முன்பு செங்கல்லும் சுண்ணாம்பும் தேக்கும் கொண்டு கட்டப்பட்ட வீடுகளுக்கே இங்குச் சொல்பவை பொருந்தும். கம்பி கட்டிய கான்கிரீட் வீடுகளின் நோய் வேறு, மருந்தும் வேறு.

வீட்டைப் புரிந்துகொள்ளுதல்

இவ்வகை வீடுகளின் மேல்தளத்தை மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரங்களை வைத்து, அவற்றின்மீது ஏறத்தாழ ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் குறுக்குக் கட்டைகளைப் பரப்பி, அக்கட்டைகளின்மேல் ஓர் அங்குலம் மட்டுமே கனமுள்ள சிறிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாட்டாக, செங்குத்தாக நிறுத்தி அடுக்குவார்கள். அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துக்கொண்டே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கட்டை பட்டு எகிறும் அளவுக்கு இறுகிய பிறகே தட்டோடு என்னும் தட்டையான ஓடுகளைப் பதிப்பார்கள். தாங்குவது மரம், சுமப்பது செங்கல், நீரைத் தடுப்பது ஜல்லியும் ஓடும் என்று வேலை பிரிந்திருப்பதால், ஒன்றில் வரும் பழுதை மற்றொன்றில் சரிசெய்ய முடியாது.

சுண்ணாம்புச் சுவருக்கு இன்னொரு குணம் உண்டு. அது ஈரத்தை உள்ளே வாங்கவும் செய்யும், வெயிலில் வெளியே விடவும் செய்யும். கடலோர ஊரான சென்னையில் நிலத்தடி ஈரம் உப்போடு சேர்ந்தே மேலேறுகிறது. சுவரின் முகம் திறந்திருந்தால் ஈரம் ஆவியாகி, உப்பு மேல் காரையில் படிந்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காரையோடு உதிர்ந்துபோகும். இதில் காரை தன்னைப் பலிகொடுத்துச் செங்கல்லைக் காப்பாற்றுகிறது. அந்த முகத்தைச் சிமெண்ட் பூச்சால் அடைத்துவிட்டால் ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறி வழி தேடும். உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதைப் பொடியாக்கும். எங்கள் கூடத்தில் ஓர் ஒப்பந்ததாரர் தரையிலிருந்து நான்கடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசி, ஓதம் இனி வராது என்று உறுதி சொன்னார். இரண்டு மழைக்காலத்தில் ஓதம் ஆறடிக்கு ஏறியது. பூச்சைப் பெயர்த்தபோது, பின்னாலிருந்த செங்கல் விரலால் தொட்டாலே மிளகாய்ப்பொடி போல உதிர்ந்தது.

முதல் மாதம்: எதையும் உடைக்காமல் பார்ப்பது

முதலில் வீட்டை ஒரு தாளில் கைப்படமாக வரைந்து, ஒவ்வொரு அறையிலும் கறை, வெடிப்பு, தொய்வு ஆகியவற்றைத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இதை நல்ல மழை பெய்யும் நாளில் செய்யுங்கள்; தண்ணீர் எங்கே நுழைகிறது என்பதை மழையைப்போல் நேர்மையாகச் சொல்பவர் யாருமில்லை. மேலிருந்து வரும் ஈரம் கூரையோரத்தில் தொடங்கிக் கீழிறங்கும். தரையிலிருந்து வரும் ஓதம் முழங்கால், இடுப்பு உயரங்களில் அலையலையான கோடாக நிற்கும். நடுச்சுவரில் தனித்த வட்டமாகத் தெரிவது பெரும்பாலும் குழாய்க் கசிவு.

வெடிப்பைக் கண்டவுடன் அடைத்துவிடாதீர்கள். அதன் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடிச் சில்லை இரு முனைகளிலும் சாந்து வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதிவிட்டுக் காத்திருங்கள். ஒரு கோடையும் ஒரு மழையும் கடந்த பிறகும் சில்லு முழுதாக இருந்தால் அது பழைய வெடிப்பு. சுண்ணாம்புச் சாந்தால் அடைத்துக்கொள்ளலாம். சில்லு முறிந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. அப்போது கொத்தனாரை விட்டுவிட்டு, பழங்கட்டடங்களில் பழக்கமுள்ள கட்டமைப்புப் பொறியாளரை அழைக்க வேண்டும். புதுக் கட்டடங்கள் மட்டுமே கட்டிப் பழகிய பொறியாளர்களில் சிலர் உள்ளே நுழைந்ததுமே 'இடித்துவிடலாம்' என்பார்கள். அந்த ஒரு கருத்தோடு நின்றுவிடாமல் இரண்டாவது கருத்தையும் கேளுங்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸில் பாரம்பரியக் கட்டடங்களின் பாதுகாப்புக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது. பாரம்பரியச் சின்னங்களைக் காப்பதற்காக 1984 முதல் இயங்கும் இன்டாக் அமைப்புக்கும் சென்னையில் கிளை உண்டு.

தலையை நனையாமல் காப்பது

மாடியில் செய்ய வேண்டிய முதல் வேலைக்குச் செலவே இல்லை: தூம்புகளைச் சுத்தம் செய்வதும், அரசு, ஆல் கன்றுகளை அகற்றுவதும். வேரை விட்டுவிட்டுத் தண்டை மட்டும் ஒடித்தால் அடுத்த மாதமே இரட்டைக் கிளையாகத் துளிர்க்கும். வேர் சுவருக்குள் தடித்திருந்தால், அந்த இடத்துச் செங்கல்லைப் பிரித்து வேரை எடுத்துவிட்டு மீண்டும் கட்டுவதுதான் வழி.

அடுத்து, தளத்தின் எடை. ஒழுகும்போதெல்லாம் பழையதை எடுக்காமல் அதன்மேலேயே இன்னொரு தளவரிசை போட்டுவிடுவது நம் ஊரின் நீண்ட காலப் பழக்கம். ஒரு மூலையில் வெட்டிப் பாருங்கள். மூன்று தலைமுறைத் தட்டோடுகளும் அவற்றுக்கிடையே தார்த்தாளும் இருந்தால் வியக்க வேண்டாம். உத்திரம் வளைந்திருப்பதற்கு மரத்தின் முதுமையைவிட இந்தச் சுமையே பல நேரங்களில் காரணம். பிற்கால அடுக்குகளை அகற்றி, மூல ஜல்லித்தளம் உறுதியாக இருந்தால் அதை விட்டுவைத்து, நீர் வழியும்படி வாட்டம் கொடுத்துச் சுண்ணாம்புச் சாந்தில் தட்டோடு பதித்தால் போதும்.

மரம்

உத்திரத்தின் நடுப்பகுதி இரும்புபோல் இருக்கும். கெடுவது சுவருக்குள் புதைந்திருக்கும் முனைதான். ஈரச்சுவரின் நீரை உறிஞ்சி, காற்றுப்படாமல், கறையானுக்கு விருந்தாகக் கிடப்பது அந்த ஒரு சாண் மரமே. சிறு சுத்தியலால் உத்திரத்தை நெடுகத் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்ற ஓசை சுவரருகே வரும்போது பொத்தென்று மாறினால், அங்கே ஒரு திருப்புளியைக் குத்திப் பாருங்கள். அரை அங்குலத்துக்குமேல் தடையின்றி இறங்கினால் முனை போய்விட்டது. அதற்காக உத்திரம் முழுவதையும் மாற்றத் தேவையில்லை. கீழே முறையாக முட்டுக் கொடுத்து, கெட்ட பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, வீடு இடிக்கும் இடங்களிலிருந்து வரும் பழந்தேக்கில் அதே அளவுத் துண்டு செய்து, சாய்வாக ஒட்டவைத்துப் போல்ட்டால் இணைக்கலாம். முனையைச் சுவருக்குள் திரும்பச் செருகும்போது கீழே ஒரு கருங்கல் துண்டை வைத்து, சுற்றிலும் சாந்து திணிக்காமல் காற்றுக்கு இடம் விடுங்கள். முட்டுக் கொடுக்காமல் உத்திரத்தின் முனையில் கை வைக்கும் ஆசாரியை அன்றே அனுப்பிவிடுங்கள்.

காரை

மரவேலை முடிந்த பிறகே சுவர். சிமெண்ட் பூச்சு இருந்தால் உளியால் மெதுவாகப் பெயர்த்துவிட்டு, வெளிவரும் உப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்தெடுக்க வேண்டும். கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் உள்ளே போகும். பிறகு சுவரை அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு கோடை முழுவதும் அம்மணமாக நிற்கும் சுவரைப் பார்த்து உறவினர்கள் கேட்கும் கேள்விகளைத் தாங்கிக்கொள்வதுதான் இதில் கடினமான பகுதி.

சுண்ணாம்பைப் பையில் வரும் தூளாக வாங்காமல், சுட்ட சுண்ணாம்புக் கல்லாகவோ கிளிஞ்சலாகவோ வாங்கித் தொட்டியில் நீற்றுங்கள். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும் என்பதால் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். குழந்தைகள் அருகே வரக் கூடாது. நீரின் கீழ் குறைந்தது இரண்டு வாரம், இயன்றால் ஒரு மாதம் ஊறிய சுண்ணாம்பு வெண்ணெய்போல் வரும். அதன் ஒரு பங்குக்குச் சலித்துக் கழுவிய மணல் இரண்டரை முதல் மூன்று பங்கு. குளியலறை, வெளிச்சுவர் போன்ற ஈரமான இடங்களில் மணலில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சுர்க்கி எனப்படும் செங்கல் தூள். அரை அங்குலத்துக்கு மிகாத கனத்தில், ஒரு பூச்சு இறுகிய பிறகே அடுத்ததைப் பூசி, குறைந்தது ஒரு வாரம் ஈரச்சாக்கு தொங்கவிட வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கியே கல்லாகிறது; அதற்கு அவசரம் ஆகாது. ஆகவே இந்த வேலையைத் தை மாதம் தொடங்கி, வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடிக்கும்படி திட்டமிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை: நீங்கள் மதியம் சாப்பிடப் போகும் நேரத்தில் 'பிடிப்புக்காக' என்று ஒரு சட்டி சிமெண்ட் கலவையில் விழுந்துவிடும். கொத்தனார் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை; அவர் தொழில் கற்றதே சிமெண்டில்தான். காரணத்தைப் பொறுமையாகச் சொல்லி, வேலை நடக்கும் இடத்தில் சிமெண்ட் மூட்டையே இல்லாமல் பார்த்துக்கொள்வது இருவருக்கும் நல்லது.

வண்ணம் சுண்ணாம்பு வெள்ளைதான். பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால், இதுவரை செய்த வேலையின்மீது மழைக்கோட்டு மாட்டியது போலாகும்.

மின்கம்பிகளை மட்டும் பழமை பாராட்டாமல் முழுவதுமாக மாற்றிவிடுங்கள். மரத்தளமுள்ள வீட்டில் தீ எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதற்கு, 1985-இல் எரிந்த மூர் மார்க்கெட்டும், 2012-இல் தீக்கிரையாகிப் பின்னர் புதுப்பிக்கப்பட்ட சேப்பாக்கம் கலச மகாலும் சாட்சி.

காகிதங்கள்

வீடு இருக்குமிடம் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அருகில் என்றால் முதலில் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அங்கே பழுதுபார்ப்பதற்கும் அனுமதி வேண்டும். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் பாரம்பரியப் பட்டியலில் உங்கள் கட்டடம் இருந்தால், அதன் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் முகப்பில் கை வைக்க முடியாது. 2006-இல் இடிக்கத் தொடங்கப்பட்ட அண்ணா சாலை பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் நீதிமன்றத்தின் தலையீட்டால்தான் நின்றது.

ஆனால், பழைய வீடுகள் பாழாவது சட்டத்தால் என்பதைவிடப் பங்காளிகளால் என்பதே என் அனுபவம். ஏழு வாரிசுகள், அவர்களில் இருவர் வெளிநாட்டில், ஒருவர் பேச்சுவார்த்தையில் இல்லை என்றால் தூம்பைச் சுத்தம் செய்யக்கூட ஆள் இராது. கடைசியில் எல்லோரும் ஒத்துப்போகும் ஒரே இடம் அடுக்குமாடி கட்டித்தரும் ஒப்பந்தமாக இருக்கும். பாகப்பிரிவினை முடியும்வரை காத்திராமல், பராமரிப்புக்கு ஒருவரைப் பொறுப்பாக்கி, ஆண்டுதோறும் ஆளுக்கு இவ்வளவு என்று எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குடியிருப்பவர் இருந்தால், 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி எழுத்துவழி ஒப்பந்தம் செய்து, எந்தப் பழுதை யார் பார்ப்பது என்பதையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

தெரு

தனி வீடாகச் செப்பனிட்டு முடித்தாலும் தெரு கெட்டிருந்தால் பயன் பாதிதான். பழைய தாரைச் சுரண்டாமல் தார்மேல் தார் போட்டு வந்ததால், இரண்டு படி ஏறிச் சென்ற திண்ணைகள் பல தெருக்களில் இன்று சாலைக்குக் கீழே கிடக்கின்றன. சாலை போடப்போவது தெரிந்தவுடன், உங்கள் வாசற்படியின் மட்டத்தை எதிர்ச்சுவரில் கோடாகக் குறித்துப் படமெடுத்து, தெருவார் பலரும் கையெழுத்திட்டு, சுரண்டிய பிறகே போட வேண்டும் என்று மாநகராட்சி வட்டார அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். ஒருவர் கொடுக்கும் மனுவைவிடப் பத்து வீட்டு மனுவுக்குப் பதில் விரைவில் வரும். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கிவிடலாம் என்பவர்களின் பேச்சைச் சுண்ணாம்புச் சுவர் வீட்டுக்காரர்கள் கேட்க வேண்டாம். செங்கல்லை ஒன்றாகப் பிடித்துவைக்கும் வளையம் எதுவும் அடியில் இல்லாத சுவர் சீரற்ற தூக்கலைத் தாங்காது.

பக்கத்து வீடு இடிபடும்போது பொதுச்சுவரின் நிலையை முன்கூட்டியே தேதியிட்ட படங்களாக எடுத்து, ஒரு பிரதியைப் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். இடித்தவுடன் வெளியே தெரியும் சுவர் முகம் அதுவரை மழையையே பார்த்திராதது. அவர்கள் அடித்தளம் தோண்டும் வரை காத்திராமல், அதே வாரத்தில் அதற்குச் சுண்ணாம்புக் காரை பூசிவிட வேண்டும். ஜார்ஜ் டவுனில் மேல்தளத்தைக் கிடங்காக வாடகைக்கு விட்டிருப்பவர்கள், காகிதக் கட்டும் துணி மூட்டையும் நடு அறையில் குவியாமல் சுவரோரமாக அடுக்கப்படும்படி ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

தெருவில் ஐந்து வீட்டார் சேர்ந்தால், நீற்றும் தொட்டியும் சாரமும் ஒரே கொத்தனார் குழுவும் எல்லாருக்கும் பொதுவாகிச் செலவு குறையும். சுண்ணாம்பு வேலை தெரிந்தவருக்கும் தொடர்ந்து ஓராண்டு வேலை கிடைக்கும் என்பதால் அவர் வேறு ஊருக்குப் போகமாட்டார். எங்கள் தெருவில் இப்போது ஆவணி பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஐந்து மாடிகளுக்கும் வரிசையாக ஏறுகிறோம். ஒவ்வொரு தூம்பிலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, அது கீழே தெருவில் விழும் ஓசையைக் கேட்ட பிறகே அடுத்த மாடிக்குப் போகிறோம்.