மாங்கோவுக்குள் இன்னொரு சொல்

கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசன். அக்கா மகளிடம் எம், ஏ, என், ஜி, ஓ என்று 5 எழுத்து கொடுத்து, மாங்கோ தவிர இன்னொரு ஆங்கிலச் சொல் கேட்டேன். வரிசையாக எழுதினால் கண் மாங்கோவையே படிக்கும். அதனால் வட்டமாக எழுதச் சொன்னேன். அப்புறம், அடிக்கடி சேர்ந்து வரும் ஜோடியைத் தேட வேண்டும். இங்கே அது என், ஜி. அந்த ஜோடியைக் கடைசியில் நிறுத்தி, மிச்சம் மூன்றையும் மாற்றி மாற்றி வைத்தாள். ஏ, எம், ஓ... அமங்! முகமெல்லாம் சிரிப்பு.

எஸ்ஹெச், டிஹெச், ஐஎன்ஜி எல்லாம் இப்படித்தான். க்யூ இருந்தால் பக்கத்தில் யூவை வைத்துப் பாருங்கள். கொஞ்சம் எழுத்து மட்டும் இடத்தோடு தெரிந்தால், ஒன்லுக் (OneLook) என்ற இணைய அகராதித் தேடல் தளத்தில் தெரியாத ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுத் தேடலாம். எத்தனை எழுத்து என்றே தெரியாவிட்டால் நட்சத்திரக்குறி.