பிளாஸ்மா த்ரஸ்டருக்கு கரண்ட் கொடுக்கும் முன்

மார்த்தாண்டத்தில் இன்வெர்ட்டரும் யூபிஎஸ்ஸும் ரிப்பேர் பார்க்கிறேன். ஜனவரி பிறந்தால் போதும், கடைசி வருஷ இன்ஜினியரிங் பிள்ளைகள் கருகின போர்டோடு கடையேறி வந்துவிடுவார்கள். "அண்ணே, பிளாஸ்மா த்ரஸ்டர் புராஜெக்ட். ஒருக்க மின்னிச்சு, அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல." வாயுவை மின்சாரத்தால் பிளாஸ்மாவாக்கிப் பின்னால் தள்ளி, விண்கலத்தை முன்னே நகர்த்தும் கருவிதான் இந்தத் த்ரஸ்டர். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் வலியமலையில் இஸ்ரோவின் திரவ உந்துவிசை மையம், இந்தப் பக்கம் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி. நடுவில் இருக்கிற பிள்ளைகளுக்கு இந்த ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். என் காலத்தில் எனக்கும் வந்தது. அவர்கள் கொண்டுவரும் போர்டின் கருகல் வாசனை எனக்குப் பழக்கமானது.

பிளஸ் மைனஸ் மாறுவது, ஃப்யூஸ் போடாதது போன்றவற்றைச் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் ஒரு புகையில் தெரிந்துவிடும்.

வோல்ட் ஜுரம்

பாறசாலைப் பக்கம் ஆக்கிரிக் கடை என்பார்கள், நாம் சொல்லும் காயலான் கடைதான். அங்கே பழைய டப்பா டிவியின் ஃப்ளைபேக் டிரான்ஸ்பார்மர் சல்லிசாகக் கிடைக்கும். இருபதாயிரம் வோல்ட் என்றதும் பிள்ளைகளுக்குக் கண் விரியும். ஆனால் அதிலிருந்து வருவது ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர்தான். பெருக்கிப் பாருங்கள், இருபது, நாற்பது வாட். நிஜமாகவே விண்வெளியில் ஓடும் எஸ்பிடி-100 வகை த்ரஸ்டர் கேட்பது வெறும் 300 வோல்ட், ஆனால் 4.5 ஆம்பியர். 1,350 வாட் தின்றுவிட்டு அது கொடுக்கும் தள்ளுவிசை 83 மில்லிநியூட்டன், அதாவது எட்டரை கிராம் எடை அளவு. ஏசி மெக்கானிக்கிடம் வாடகைக்கு எடுத்த வேக்குவம் பம்பில் ஊதா ஒளி தெரிந்ததும் "த்ரஸ்ட் வந்துட்டு" என்று வீடியோ எடுக்கும் தம்பிகளுக்காக இதைச் சொல்கிறேன்.

சுவர் பிளக்கிலிருந்து நேராக டயோடு பிரிட்ஜ்

கூடாது.

மைக்ரோவேவ் அடுப்பு டிரான்ஸ்பார்மர்

அதைக் கொண்டுவந்தவனை வாசலோடு திருப்பி அனுப்பினேன். அதில் வோல்ட்டும் உண்டு, ஆம்பியரும் உண்டு. தொட்டால் இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

கெப்பாசிட்டரைத் தப்பான பக்கம் வைப்பது

என்னை இன்னும் எரிச்சல்படுத்துகிற தவறு இதுதான். தெரியாதவன் செய்தால் பரவாயில்லை. நன்றாகப் படித்துவிட்டு வருகிறவன்தான் செய்கிறான். நானும் படித்துவிட்டுத்தான் செய்தேன்.

இரண்டு பழைய யூபிஎஸ் டிரான்ஸ்பார்மர்களை முதுகோடு முதுகாக இணைத்தேன். 230 வோல்ட் 12 ஆக இறங்கி, மறுபடி 230 ஆக ஏறும். சுவர் மின்சாரத்தோடு நேர்த்தொடர்பு அறுந்துவிடும், அதுவரை சரி. அதை டிசி ஆக்கியதும் முந்நூறு வோல்ட் வந்தது. த்ரஸ்டர் எரியவில்லை. காற்றில் எந்த அழுத்தத்தில் வைத்தாலும், எவ்வளவு இடைவெளி விட்டாலும், சுமார் 327 வோல்ட்டுக்குக் கீழே மின்முறிவு (காற்று மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குவது) நடக்காது என்பது அப்போது எனக்குத் தெரியாது. பாஷன் விதி என்று பாடத்தில் இருந்தது, படித்ததும் பரீட்சையோடு போயிருந்தது. சரி, இரட்டிப்போம் என்று 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இரண்டைப் போட்டு டபுளர் செய்தேன். சுமார் 600 வோல்ட். கரண்டைக் கட்டுப்படுத்த நடுவில் ஒரு ரெசிஸ்டரும் போட்டேன்.

அந்த இரண்டு கெப்பாசிட்டரையும் ரெசிஸ்டருக்கு அப்புறம், த்ரஸ்டரை ஒட்டி வைத்தேன். ஏன் என்றால், துடிப்பு வகை த்ரஸ்டரில் கெப்பாசிட்டர் மின்முனையை ஒட்டித்தான் இருக்க வேண்டும் என்று படித்திருந்தேன். அது உண்மைதான். அந்த வகையில் கெப்பாசிட்டரில் சேர்த்ததை ஒரே கொட்டாகக் கொட்டுவதே வேலை. 1968-இல் பறந்த லெஸ்-6 செயற்கைக்கோளின் த்ரஸ்டர் ஒரு துடிப்புக்கு 1.85 ஜூல் கொட்டியது. என்னுடையதோ தொடர்ந்து எரிய வேண்டிய வகை. அதன் வாயருகே நான் வைத்திருந்தது 42 ஜூல்.

பட்டென்று ஒரு சத்தம். பட்டாசு இல்லை, ஈரத்துணியைக் கல்லில் அறைந்த மாதிரி. ஆனோடில், அதாவது பிளஸ் மின்முனையில், கடுகு அளவு பள்ளம். கெப்பாசிட்டரில் ஒன்று தலை வீங்கிக் காலி. அடுத்த மாதச் செலவுக்கு வைத்திருந்த பணம் அதோடு போயிற்று.

நடந்தது என்னவென்றால், பிளாஸ்மா பல்பு மாதிரி அடக்கமான லோடு இல்லை. பற்றும் வரை அது திறந்த சுவிட்ச். பற்றியதும் மின்தடை சரிந்துவிடும். கரண்ட் கூடக் கூட வோல்ட் இன்னும் இறங்கும். ஆர்க்காக, அதாவது வெல்டிங் பொறி மாதிரி, மாறிவிட்டால் இருபது முப்பது வோல்ட்தான் நிற்கும், மிச்ச 570 வோல்ட்டை யாராவது தாங்க வேண்டும். வீட்டு டியூப் லைட்டில் சோக் செய்கிற வேலை அதுதான். ரெசிஸ்டர் போட்டிருந்தேனே என்றால், அது கெப்பாசிட்டருக்கு முந்தி அல்லவா நின்றது! வாசலில் காவல்காரனை நிறுத்திவிட்டு, திருடனை உள்ளே படுக்க வைத்த கதை.

ஆகவே வரிசை இது: டிரான்ஸ்பார்மர், டயோடு, கெப்பாசிட்டர், அதற்கப்புறம் கட்டுப்படுத்தும் தடை, கடைசியில் த்ரஸ்டர். 200 மில்லி ஆம்பியர் போதுமென்றால் 570 வோல்ட்டுக்குக் கிட்டத்தட்ட 2,850 ஓம், 114 வாட் சூடு. அவ்வளவு பெரிய ரெசிஸ்டர் வாங்கக் காசு ஆகும். எலக்ட்ரீஷியன் கடைகளில் தொங்கும் சீரிஸ் லாம்ப் ஞாபகம் இருக்கிறதா? அறுபது வாட் குண்டு பல்பு மூன்றைத் தொடராகப் போடுங்கள், எல்இடி இல்லை, இழை உள்ளது. மூன்றும் சேர்ந்து கால் ஆம்பியருக்குமேல் விடாது. இன்னொரு லாபம்: பல்பு மங்கலாகச் செவந்திருந்தால் ஒழுங்கான ஒளிர்வு, பளிச்சென்று எரிந்தால் உள்ளே ஆர்க் பிடித்திருக்கிறது, உடனே அணைக்கலாம். ஹோல்டர்கள் மூடின பெட்டிக்குள் இருக்கட்டும், அதிலும் 600 வோல்ட் ஓடுகிறது.

பற்றவைப்பதும் எரியவைப்பதும் ஒரே சப்ளையில்

பற்றவில்லையே என்று மெயின் சப்ளையை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். தவறாமல் பற்றவைக்க ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்லது, சக்தி துளி போதும். கொசு பேட்டின் போர்டு அந்த வேலையைச் செய்யும். ஒரு பையன் அதையே மாட்டினான், நல்ல மூளை. ஆனால் அந்த உதை மெயின் சப்ளைக்குள் திரும்பிவந்து டயோடு பிரிட்ஜைத் தின்றது. நடுவில் 1என்4007 டயோடு மூன்றைத் தொடராக வையுங்கள் மக்கா, சில்லறைக் காசுதான்.

சுவிட்சை அணைத்ததும் கை வைப்பது

ஒவ்வொரு கெப்பாசிட்டருக்கும் குறுக்கே 100 கிலோ ஓம், இரண்டு வாட் ரெசிஸ்டர் ஒன்று நிரந்தரமாக இருக்க வேண்டும். அது இருந்தாலும் 600 வோல்ட் முழுக்க வடிய நான்கு நிமிஷம் பிடிக்கும். நான் டீக்குச் சொல்லிவிட்டு, குடித்து முடித்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் பெட்டியைத் திறக்கிறேன்.