ஒட்டுகிற கதவில் உப்புத்தாளை முதலில் எடுக்காதீர்கள்

பொங்கலுக்குள் தலைவாசல் கதவு பளபளக்க வேண்டுமென்று மார்கழியில் ஆளிவிதை எண்ணெயைக் கனமாகப் பூசித் துடைக்காமல் விட்டால், தை பிறந்தும் காயாமல் பிசுபிசுத்து, கை வைத்த இடமெல்லாம் ரேகை விழும். ஓசூர், தளி பக்கத்துக் குளிரில் இன்னும் மோசம். இந்த எண்ணெய் தண்ணீர்போல வற்றிக் காய்வதில்லை; காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு இறுகுகிறது. கனமாக நின்றால் மேலே பாலாடைபோல ஏடு கட்டும், அடியில் பாகாகவே கிடக்கும். விளக்கெண்ணெய், தேங்காயெண்ணெய் பூசியிருந்தால் காத்திருந்து பயனில்லை. அவை இறுகவே இறுகாது.

உப்புத்தாள் போட்டால் நாலு இழுப்பில் இறுகாத எண்ணெய்ப் பிசின் அடைத்துத் தாள் வழுக்கும், சூட்டில் பிசினும் இழுபடும். மேலே வார்னிஷ் அடித்து மூடுவதும் வீண். அது உரிந்து வரும்.

கதவைக் கழற்றி, காற்றோட்டமுள்ள நிழலில் படுக்க வையுங்கள். அடுப்பு, பீடி கிட்டே கூடாது. கையுறை போட்டு, ஒரு தடவைக்கு இரண்டு சதுர அடி மட்டும் டர்பன்டைனில் நனைத்துப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். இளகியதைப் பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பால் மர ரேகையோடு வழித்தெடுங்கள். பிறகு 000 நம்பர் ஸ்டீல் வுல்லை (மெல்லிய இரும்பு இழைப் பஞ்சு) டர்பன்டைனில் தோய்த்துத் தேய்த்து, பழைய வேட்டித் துணியால் துடையுங்கள். துணியில் மஞ்சள் ஏறாமல் வரும்வரை துணியின் பக்கத்தை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். மூன்று சுற்று ஆகலாம். செதுக்கு வேலைக்குப் பல் பிரஷ்ஷும், துணி சுற்றிய மூங்கில் குச்சியும் போதும். டர்பன்டைனுக்கு அசையாவிட்டால் என்.சி. தின்னர் (நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்டை நீர்க்க வைக்கும் திரவம்), அதற்கும் மசியாவிட்டால்தான் பெயின்ட் ரிமூவர்.

தேக்கில் ஸ்டீல் வுல் துகள் தங்கினால், ஈரம் பட்டதும் கருப்புப் புள்ளி விழும். பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிடுங்கள்.

இரண்டு நாள் உலரவிட்டு, 180, பிறகு 220 நம்பர் தாள். தாளில் வருவது உலர்ந்த பொடியாக இருக்க வேண்டும்; உருண்டையாகத் திரண்டால் மறுபடி டர்பன்டைன்.

திரும்ப எண்ணெய்தான் வேண்டுமென்றால் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் (கடையில் ‘பாயில்டு லின்சீட் ஆயில்’) இரண்டு பங்கு, டர்பன்டைன் ஒரு பங்கு. பூசிய கால் மணி நேரத்தில், ஒன்றுமே பூசாததுபோலத் தோன்றும்வரை துடைத்துவிடுங்கள். அடுத்த பூச்சு ஒரு நாள் கழித்து, முதல் பூச்சு ஒட்டாமலிருந்தால் மட்டும்.

எண்ணெய்த் துணிகளைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். உள்ளே சூடேறித் தானே தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி, வெளியே வேலியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போடுங்கள். விறைத்த பிறகே குப்பைக்கு.