பள்ளியில் பிள்ளை, தூரத்தில் ஆடியாலஜிஸ்ட்: காது கேட்கிறதா என்று பார்ப்பது எப்படி?

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துத் தமிழ் மீடியம் பள்ளி டீச்சர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர், பாலக்காட்டிலோ திருவனந்தபுரத்திலோ இருப்பார். பிள்ளையின் பக்கத்தில் இருக்கப்போவது நீங்கள்தான்.

படி 1: அறை

பாதி வேலை இதில்தான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஓட்டுக் கட்டடத்துக்குள் எப்படி ஊளையிடும் என்று நமக்குத் தெரியாததா? ரோட்டுக்கும் கஞ்சிப்புரைக்கும் (பள்ளிச் சமையலறைக்கும்) தள்ளியிருக்கும் அறையைப் பிடியுங்கள். காற்று வரும் பக்கத்து ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்துங்கள். அப்புறம் ஆடியோமீட்டரின் (கேட்கும் திறனை அளக்கும் கருவியின்) ஹெட்போனை நீங்களே மாட்டிக்கொண்டு, 1000 ஹெர்ட்ஸ் ஒலியை 20 டெசிபலில் வைத்துக் கேளுங்கள். ஹெர்ட்ஸ் என்பது ஒலியின் சுருதி, டெசிபல் என்பது அதன் சத்தத்தின் அளவு. நல்ல காதுள்ள உங்களுக்கே கேட்கவில்லையா? அறையை மாற்றுங்கள். இதைச் செய்யாமல் ஆரம்பித்தால் வகுப்பில் பாதிப் பேருக்குக் குறை இருப்பதாகத்தான் காட்டும்.

படி 2: இணைப்பு

ஆடியோமீட்டரை லேப்டாப்பில் செருகி, ஆடியாலஜிஸ்ட் அதைத் தூரத்திலிருந்து இயக்க வழிசெய்யுங்கள். ஒலி பிறப்பது உங்கள் அறையில் இருக்கும் கருவியில்தான், இணையம் வழியாக வருவதல்ல. வீடியோ காலில் 'பீப்' ஒலியை ஓடவிட்டுச் சோதிக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். கூடவே கூடாது. அந்தச் செயலிகள் பேச்சல்லாத ஒலியை இரைச்சல் என்று வடிகட்டிவிடும், அளவையும் மாற்றிவிடும். வீடியோ, பிள்ளையின் முகத்தை அவர் பார்ப்பதற்கு மட்டும்.

படி 3: காதுக்குள் ஒரு பார்வை

வீடியோ ஓட்டோஸ்கோப் (காதுக்குள் பார்க்கும் சிறு கேமரா) இருந்தால் படமெடுத்து அனுப்புங்கள். சீழ், வலி இருந்தால் ஹெட்போன் மாட்டாமல் நேரே டாக்டரிடம் அனுப்புங்கள். குறும்பி தெரிந்தால் நீங்கள் தோண்ட வேண்டாம். வீட்டிலும் கொண்டை ஊசி, சூடான எண்ணெய் எதுவும் வேண்டாமென்று சொல்லுங்கள்.

படி 4: விளையாட்டு

சின்னப் பிள்ளைகளுக்குக் கை தூக்கச் சொல்வதைவிட இது நன்றாக வரும்: ஒரு டப்பா, ஒரு கைப்பிடி புளியங்கொட்டை. "சத்தம் கேட்டா ஒண்ணு போடு கண்ணு, மெதுவாக் கேட்டாலும் போடு." ஆடியாலஜிஸ்ட் மலையாளத்தில் சொன்னாலும் நீங்கள் வீட்டுத் தமிழில் திருப்பிச் சொல்லுங்கள். முதலில் 40 டெசிபலில் இரண்டு மூன்று முறை பழக்குங்கள்.

படி 5: சோதனை

சிவப்பு வலக்காது, நீலம் இடக்காது. கம்மல், கண்ணாடியைக் கழற்றி, முடியை ஒதுக்கி மாட்டுங்கள். லேப்டாப் திரை பிள்ளைக்குத் தெரியக் கூடாது. ஒவ்வொரு காதிலும் 20 டெசிபலில் 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ். ஒலி வரும் நேரம் ஒரே தாளத்தில் இருக்க வேண்டாம். பிள்ளைகள் தாளத்தைப் பிடித்துக்கொண்டு சும்மாவே கொட்டையைப் போடுவார்கள்! வீடியோ தாமதமாகப் போகும் என்பதால், கொட்டை விழுந்ததும் "போட்டாச்சு" என்று நீங்கள் சொல்லிவிடுங்கள்.

ஒரே ஓர் ஒலி தவறினாலும் ஹெட்போனைச் சரிசெய்து, மறுபடி விளக்கி, அன்றைக்கே இன்னொரு முறை பாருங்கள்.

படி 6: அதற்குப் பிறகு

அப்போதும் தவறினால் முழுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற அரசின் குழந்தை நலத் திட்டத்தில் 18 வயது வரை காது கேளாமையும் அடக்கம், பள்ளிக்கு வரும் அந்தக் குழுவிடமும் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொடுக்கும் சீட்டில் 'செவிடு' என்று எழுதிவிடாதீர்கள். சளியோ குறும்பியோகூடக் காரணமாக இருக்கலாம். "இன்னொரு முறை பார்க்க வேண்டும்" என்று தமிழில் ஒன்று வீட்டுக்கு, ஆஸ்பத்திரிக்கு மலையாளத்தில் ஒன்று.