பெரிய ரைபிளில் சின்னத் தோட்டா: மாற்றுக் கிட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ஏ.ஆர்-15 ரைபிள் வைத்திருப்பவர்கள் பலர், பயிற்சிச் செலவைக் குறைக்க .22 எல்.ஆர். என்ற சின்ன, மலிவான தோட்டாவை அதே ரைபிளில் சுட உதவும் மாற்றுக் கிட் ஒன்றையும் வாங்கிக்கொள்கிறார்கள். ரைபிளின் போல்ட்டை (தோட்டாவைப் பின்னாலிருந்து மூடும் நகரும் பாகம்) எடுத்துவிட்டுக் கிட்டின் போல்ட்டை உள்ளே தள்ளி, அதற்குரிய தோட்டாப் பெட்டியான மேகசினைச் செருகினால் வேலை முடிந்தது. ஏ.ஆர்-15இன் வழக்கமான தோட்டா .223; அதன் குண்டின் விட்டம் 0.224 அங்குலம்; .22 குண்டும் ஏறத்தாழ அதே பருமன்தான். ஆகவே குழலை மாற்ற வேண்டியதில்லை. போல்ட்டின் முன்னால் .223 தோட்டாவின் வடிவில் ஓர் உலோகச் செருகி இருக்கும். சின்னத் தோட்டா அதற்குள் போய் உட்காரும். அமெரிக்க ராணுவமும் எம்16 ரைபிள் பயிற்சிக்காக எம்261 என்ற கிட்டை வைத்திருந்தது.

மாற்றுவது சுலபம் என்பதால், சுத்தம் செய்வதும் பழையபடியே என்று நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலான தவறுகளுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

.223 குண்டுக்குத் தாமிர உறை உண்டு. மலிவான .22 குண்டு, மெழுகு தடவிய வெறும் ஈயம். ஏ.ஆர்-15 குழலின் நடுவழியில், வாயுவை மேலே உள்ள வாயுக் குழாய்க்கு அனுப்பும் சிறு துளை ஒன்று இருக்கிறது. கிட்டுக்கு அந்த வாயு தேவையே இல்லை. வெடிப்பின் பின்னுதைப்பிலேயே அதன் போல்ட் இயங்கிவிடும். ஆனாலும் துளை திறந்தே இருப்பதால், கடந்து செல்லும் ஈயத்தைச் சுரண்டி, புகைக்கரியையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது. தாமிரப் பூச்சுள்ள .22 தோட்டாவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்க மனமில்லாதவர்கள், அந்தக் காசை வேறு வழியில் கொடுப்பார்கள்.

அடுத்தது கரைப்பான். தாமிரக் கறையை எடுக்கும் அம்மோனியா கரைப்பானை ஊற்றிவிட்டு, துணி நீலமாக வரவில்லை, குழல் சுத்தம் என்று முடிவுகட்டுவது வீண். அது ஈயத்தைத் தொடாது. பழைய பிரஷ்ஷில் சுத்தமான தாமிர நாரைச் சுற்றி, பின்பக்கத்திலிருந்து முன்னோக்கித் தேய்த்தால் ஈயம் செதில் செதிலாக வரும். வாயுக் குழாய்க்குள் கம்பி நுழைத்துக் குடைய வேண்டாம். கம்பி உள்ளே ஒடிந்து மாட்டிக்கொண்டால் குழாயையே மாற்ற வேண்டியிருக்கும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, .22 சுட்ட கையோடு கிட்டைக் கழற்றி .223 தோட்டாவை ஏற்றுவது. செருகியைச் சுற்றிக் கசியும் கரியும் மெழுகும் ரைபிளில் தோட்டா உட்காரும் அறையின் சுவரில் படிந்திருக்கும். அதன் மேல் பெரிய தோட்டா முழுமையாக உட்காராது. உட்கார்ந்தாலும் வெற்றுக்கூடு வெளியே வர மறுக்கும். குழலிலும் ஒரு .22 குண்டு சிக்கி நிற்கலாம். வலுக்குறைந்த தோட்டாக்களில் இது நடப்பதுண்டு. சத்தம் வழக்கத்தைவிடச் சன்னமாகக் கேட்டால் உடனே நிறுத்த வேண்டும். .223 தோட்டாவின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு வரை போகும்; .22க்கு 24,000தான். அடைபட்ட குழலில் அந்த வித்தியாசம் என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை. அறையைத் துடைத்து, குழலின் வழியே வெளிச்சம் பார்த்த பிறகு மட்டுமே தாமிர உறையுள்ள .223 தோட்டாக்கள் சிலவற்றைச் சுடலாம். அப்போது வாயுத் துளையில் தங்கிய கசடும் கிளம்பிவிடும். இந்த வரிசையை மாற்றி, சுட்டே சுத்தம் செய்கிறேன் என்பவர்களின் பக்கத்தில் நிற்காதீர்கள்.

எண்ணெயை அள்ளிப் பூசுவதும் தவறு. மெழுகோடும் எரியாத வெடிமருந்தோடும் கலந்து பசையாகிவிடும். போல்ட் சறுக்கும் இடத்தில் மெல்லிய பூச்சு போதும். பசை சேர்ந்து போல்ட் முழுதும் மூடாமல் நின்றால், கையால் தட்டி உள்ளே தள்ளக் கூடாது. .22 ஒரு ரிம்ஃபயர் தோட்டா; தீப்பற்றும் மருந்து அதன் விளிம்பிலேயே இருப்பதால், தட்டினால் வெடித்துவிடலாம். பல கிட்களில் கடைசித் தோட்டாவுக்குப் பின் போல்ட் திறந்து நிற்காது என்பதால், மேகசினைக் கழற்றி, அறையைக் கண்ணால் பார்த்த பிறகே காலி என்று சொல்ல வேண்டும்.

பிரிக்க முடியாத சத்தக்குறைப்பானோடு .22 சுடாமல் இருப்பது நல்லது. உள்ளே சேரும் ஈயத்தை எடுக்க வழியில்லை. அதைக் கரைக்க வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து ஊற்றும் பழக்கம் ஒன்று உண்டு. மிஞ்சுவது ஈய அசிடேட், தோல் வழியாகவும் உடலில் சேரும் நஞ்சு. சாதாரணமாகத் துடைக்கும்போதும் கையுறை போட்டுக்கொண்டு, துடைத்த துணிகளை உடனே மூடிய பையில் போட்டு, சோப்பால் கை கழுவிய பிறகே சாப்பாட்டில் கை வைக்க வேண்டும்.