பாக்கெட் கேமராவா, ரேஞ்ச்ஃபைண்டர் ஸ்டைல் மிரர்லெஸ்ஸா: ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தப்புங்க

தைப்பூசம் நெருங்கினா போதும், பினாங்குல நம்ம பசங்க கேக்குறது ஒரே கேள்விதான்: "அண்ணே, சின்ன கேமரா எடுக்கட்டுமா, இல்ல லென்ஸ் மாத்துற அந்த பழைய ஸ்டைல் மிரர்லெஸ் எடுக்கட்டுமா?" கேள்வியில ஒரு தப்பும் இல்ல. ஒப்பிடுற விதம்தான் தப்பா போகுது. ரெண்டு பாடியோட ஸ்பெக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்குறாங்க, ஆனா நம்ம கையில இருக்கப்போறது வெறும் பாடி இல்ல, லென்ஸ், பேட்டரி, பேக் எல்லாம் சேர்ந்த மொத்தம், அதுவும் இந்த ஊரு வெயில்லயும் ஈரத்துலயும் கூட்டத்துலயும் சுத்தப்போற மொத்தம். அத ஒப்பிட்டா பாதி பேருக்கு பதில் வேற மாதிரி வரும்.

மொதல்ல எடை. மிரர்லெஸ் பக்கம் ஃபுஜி எக்ஸ்-இ4 பேட்டரி, கார்டு எல்லாம் போட்டு 364 கிராம், பாக்கெட் பக்கம் சோனி ஆர்எக்ஸ்100 ஏழாவது மாடல் 302 கிராம். இத பாத்த உடனே "60 கிராம்தான வித்தியாசம், அப்ப பெருசையே எடுத்துடலாம்"னு முடிவு பண்ணிடுறாங்க. அந்த 302 கிராமுக்குள்ள (பழைய ஃபிலிம் கேமரா கணக்குல) 24ல இருந்து 200 மிமீ வரைக்கும் போற ஜூமே இருக்கு, 364ல லென்ஸே கிடையாது. 27 மிமீ பான்கேக் (தட்டையான) லென்ஸ் போட்டா 84 கிராம் கூடும், அது பரவால்ல, ஆனா 18-55 ஜூம் போட்டீங்கன்னா அந்த லென்ஸ் மட்டுமே 310 கிராம், மொத்தம் 670 தாண்டிடும். எடைய விடவும் தடிமன்தான் முக்கியம்னு நான் சொல்வேன். ரிக்கோ ஜிஆர்3 சுமார் 33 மிமீ தடிமன், 257 கிராம், பேன்ட் பாக்கெட்ல நிஜமாவே போகும். சோனி 43 மிமீ கிட்ட வரும், தளர்வான பாக்கெட் வேணும். எக்ஸ்-இ4ல பான்கேக் போட்டாலே 55 மிமீ தாண்டிடும், அதுக்கு பேக் கட்டாயம். பேக் வேணும்னு ஆனதுக்கு அப்புறம் அது பாக்கெட் கேமராவோட போட்டி போடவே இல்ல, வேற வகை சாமான். நாசி கண்டார் வாங்க கீழ இறங்கும்போது கூட எடுத்துட்டு போவீங்களா மாட்டீங்களான்னு உங்க பழக்கத்த வச்சு யோசிங்க, அந்த பதில் ஸ்பெக் பேப்பர்ல இருக்காது.

இதோட சேர்ந்த இன்னொரு குழப்பம், ஃபுஜியோட எக்ஸ்100 சீரிஸ் பாக்க அப்படியே ரேஞ்ச்ஃபைண்டர் மாதிரி இருக்கிறதால லென்ஸ் மாத்தலாம்னு நெனச்சு காசு கட்டுறவங்க இருக்காங்க. மாத்த முடியாது, 35 மிமீ கோணத்துல ஒரே லென்ஸ்தான், கழட்ட வராது. 2024ல வந்த எக்ஸ்100 விஐ 521 கிராம். அருமையான கேமரா, ஆனா ஸ்டாக் இல்லாத நேரத்துல செகண்ட் ஹேண்ட்ல புதுசோட விலைக்கு மேலயே போச்சு, அந்த விலைக்கு ஒரு நல்ல பாடியும் நல்ல லென்ஸும் வருமான்னு பாத்துட்டுதான் எடுக்கணும்.

இப்ப வெளிச்சம். இதுலதான் ரொம்ப பேர் ஏமாந்து போறாங்க, அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

சென்சார் பெருசுனா இருட்டுல நல்லா எடுக்கும்னு எல்லாருக்கும் தெரியும். ஆர்எக்ஸ்100ல இருக்கிற "ஒரு இன்ச்" சென்சார் 13.2க்கு 8.8 மிமீ, மிரர்லெஸ்ல வர்ற ஏபிஎஸ்-சி 23.5க்கு 15.6 மிமீ, பரப்பளவுல மூணு மடங்குக்கு மேல. கேக்க பெரிய வித்தியாசமா இருக்கு. ஆனா வெளிச்சம் உள்ள வர்றது லென்ஸ் வழியா, அந்த வழி எவ்வளவு அகலம்ங்கறத யாரும் பாக்குறதில்ல. ஆர்எக்ஸ்100 மூணாவது மாடல்ல லென்ஸோட குவிய தூரம் அகல கோணத்துல 8.8 மிமீ, எஃப் 1.8 (எஃப் எண் கொறைய கொறைய வாசல் அகலம்). 8.8ஐ 1.8ஆல வகுத்தா சுமார் 4.9 மிமீ அகல வாசல். சோனி மிரர்லெஸ்ஸோட வர்ற கிட் லென்ஸ் 16-50, எஃப் 3.5ல இருந்து 5.6. அதே அகல கோணத்துல 16ஐ 3.5ஆல வகுத்தா 4.6 மிமீ. ஜூம் பண்ணி முடிச்ச எடத்துலயும் அதே கதைதான், சின்னதுல 9.2, பெருசுல 8.9. அதாவது கிட் லென்ஸ மாட்டிட்டு ராத்திரி லெபோ குயின்ல நின்னா அந்த பெரிய சென்சாருக்கு போய் சேர்ற வெளிச்சமும் பாக்கெட் கேமராவுக்கு போறதும் கிட்டத்தட்ட ஒன்னுதான், சொல்லப்போனா சின்னது ஒரு முடி அளவு முன்ன. இத தெரியாம பெரிய பாடி வாங்கி, கிட் லென்ஸ்லயே வருஷக்கணக்கா நின்னுட்டு "போன் மாதிரிதான் வருது"ன்னு விக்கிறவங்க நெறய.

அதே பாடியில ஒரு 35 மிமீ எஃப் 2 மாட்டுங்க. வாசல் 17.5 மிமீ ஆயிடும். அதே கோணத்துல ஆர்எக்ஸ்100 எஃப் 2.8க்கு போயிடும், அங்க வாசல் சுமார் 7 மிமீதான். பரப்பளவுல கணக்கு போட்டா ஆறு மடங்கு வெளிச்சம். மாரியம்மன் கோயில் உள்ள கருவறை பக்கம் தீபாராதனை காட்டும்போது, ஆடிக்கிட்டே வர்ற காவடிய ராத்திரியில பிடிக்கும்போது, அந்த ஆறு மடங்குதான் படத்த காப்பாத்தும், ஏன்னா ஸ்டெபிலைசர் நம்ம கை ஆட்டத்த மட்டும்தான் சரி பண்ணும், ஆடுற ஆள நிறுத்தாது, அதுக்கு ஷட்டர் வேகம் வேணும், வேகத்துக்கு வெளிச்சம் வேணும். அதனால மிரர்லெஸ் எடுக்கிறவங்க பட்ஜெட்ல ஒரு நல்ல பிரைம் லென்ஸுக்கு (ஜூம் இல்லாதது) காசு ஒதுக்கிட்டுதான் பாடி விலைய பாக்கணும். அந்த காசு இல்லன்னா பாக்கெட் கேமராதான் நியாயமான தேர்வு, அதுல வருத்தப்பட ஒன்னும் இல்ல.

பாக்கெட் பக்கம் வந்தாலும் ஒரு பொறி இருக்கு. ஆர்எக்ஸ்100ல நம்பர் கூடக்கூட எல்லாம் நல்லதாயிடும்னு நெனக்காதீங்க. ஆறாவது, ஏழாவது மாடல்ல ஜூம் 200 வரைக்கும் நீண்டுச்சு, அதுக்கு பதிலா லென்ஸ் எஃப் 2.8ல ஆரம்பிக்குது. மூணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும் எஃப் 1.8. ராத்திரி அஞ்சடியில (கடைங்க முன்னாடி இருக்கிற நடைபாதை), கோயில்ல அதிகமா எடுக்கிறவங்களுக்கு பழைய மாடலே மேல். தூரத்துல மேடையில நடக்குற பரதநாட்டியம், பள்ளி ஆண்டு விழா இதெல்லாம் எடுக்கணும்னா ஏழு. அப்புறம் பழைய டிஜிகேம் மோகத்துல கேனன் இக்சஸ் மாதிரி சின்ன சென்சார் கேமராவ அதிக விலை குடுத்து வாங்குறவங்க ஒன்ன தெரிஞ்சுக்கணும், அந்த 1/2.3 இன்ச் சென்சார் இப்ப வர்ற நல்ல போன்களோட மெயின் சென்சார விட சின்னது. அந்த ஃப்ளாஷ் லுக்கும் ஆப்டிகல் ஜூமும் புடிச்சிருந்தா வாங்குங்க, போன விட தெளிவா வரும்னு நம்பி வாங்காதீங்க.

சின்னது பெருச தோக்கடிக்கிற எடம் ஒன்னு இருக்கு, அத யாரும் பேசுறதே இல்ல. உச்சி வெயில்ல, காவடி வளைவுக்கு கீழ முகம் கருப்பா நிழல்ல கிடக்கும், நெத்தியில விபூதி மட்டும் பளீர்னு வெளுத்து போகும். இந்த நேரத்துல லேசா ஃப்ளாஷ் அடிச்சு நிழல நிரப்பணும். ஆர்எக்ஸ்100ல ஷட்டர் லென்ஸுக்குள்ளயே இருக்கிறதால 1/2000 வினாடி ஷட்டர் வேகத்துல கூட ஃப்ளாஷ் ஒத்துழைக்கும், ஃப்ளாஷும் கேமராவுலயே இருக்கு. எக்ஸ்-இ4ல ஃப்ளாஷே கிடையாது, தனியா வாங்கி மாட்டினாலும் 1/180 வினாடிதான் உச்ச வேகம், அதனால எஃப் 11, 16னு அடைச்சுதான் எடுக்கணும், இல்லன்னா ஹை ஸ்பீட் சின்க் (அத விட வேகமான ஷட்டர்லயும் வேலை செய்ற வசதி) இருக்கிற ஃப்ளாஷ் வாங்கணும், அது இன்னும் காசு. ஆள் ஒரு மீட்டர் ஒன்றரை மீட்டர் பக்கத்துல இருந்தா அந்த குட்டி ஃப்ளாஷே போதும், எக்ஸ்போஷர மட்டும் முக்கால் ஸ்டாப் கொறச்சு வச்சுக்குங்க, விபூதி கோடு தெளிவா நிக்கும்.

வியூஃபைண்டர் பத்தி. ரேஞ்ச்ஃபைண்டர் ஸ்டைல்ங்கறது பெரும்பாலும் வடிவம்தான், இடது மூலையில கண்ணு வைக்கிற ஜன்னல். லைக்கா எம் மாதிரி ரெண்டு பிம்பத்த ஒன்னா சேத்து ஃபோகஸ் பண்ற மெக்கானிசம் இதுல இல்ல, ஃபோகஸ் பெரும்பாலும் ஆட்டோதான். அந்த மூலை ஜன்னலோட சுகம் வலது கண்ணுல பாக்குறவங்களுக்குத்தான், மூக்கு ஸ்கிரீன்ல இடிக்காது, இடது கண்ணு வெளிய பாத்துக்கிட்டு இருக்கும். இடது கண்ணுக்காரங்களுக்கு முகம் முழுக்க கேமராவுக்கு பின்னால போயிடும், அவங்களுக்கு நடுவுல வியூஃபைண்டர் வச்ச பாடியே மேல். வாங்குறதுக்கு முன்ன ரெண்டு கையாலயும் ஒரு ஓட்டை மாதிரி பிடிச்சு தூரத்துல ஒரு பொருள பாருங்க, எந்த கண்ண மூடினா அது மறையுதோ அதுதான் உங்க கண்ணு. ஜிஆர்ல ஜன்னலே கிடையாது, பகல் 12 மணிக்கு ஜெட்டி பக்கம் ஸ்கிரீன் பாக்க கஷ்டம்தான், ஆனா அதுல ஸ்னாப் ஃபோகஸ்னு ஒன்னு இருக்கு, ரெண்டு மீட்டர்னு செட் பண்ணி வச்சுட்டா ஸ்கிரீன பாக்காமலே அமுக்கலாம், அஞ்சடியில நடந்துக்கிட்டே எடுக்க இத மிஞ்சினது இல்ல.

மெகாபிக்சல்ல நேரம் வீணாக்க வேணாம். 20 மெகாபிக்சல் ஏ3 பிரிண்டுக்கு தாராளமா போதும்.

பினாங்குல ரதம் வர்ற வழியில நின்னவங்களுக்கு தெரியும், தேங்காய் உடைக்க ஆரம்பிச்சா ரோடே வெள்ளமா ஓடும், சில்லு பறக்கும், இளநி முகத்துலயும் கேமராவுலயும் தெறிக்கும். பாக்கெட் கேமராவோட லென்ஸ் உள்ள போய் வெளிய வர்ற குழாய், அந்த இடுக்குல இளநி போய் காஞ்சுதுன்னா பிசுபிசுன்னு ஒட்டி ஜூம் சிக்கிக்கும், வீட்ல கழட்டி சுத்தம் பண்ண முடியாது. அங்க பவர் போட்டுட்டே திரியாம எடுத்த உடனே ஆஃப் பண்ணி ஈரம் துடைச்சுட்டு உள்ள வைக்கணும். மிரர்லெஸ்காரங்களும் நிம்மதியா இருந்துட வேணாம், லென்ஸ்ல டபிள்யூஆர்னு (ஈரம் தாங்கும்னு அர்த்தம்) போட்டிருந்தாலும் எக்ஸ்-இ4, எக்ஸ்-இ5 ரெண்டு பாடிக்கும் வெதர் சீலிங் (ஈரம், தூசி உள்ள போகாம அடைப்பு) கிடையாது. எக்ஸ்100 விஐல லென்ஸுக்கு முன்னாடி அடாப்டர் ரிங்கும் ஃபில்டரும் போட்டாதான் அந்த சீலிங் முழுமையாகும். சோனி ஏ7சி, ஃபுஜி எக்ஸ்-புரோ3 மாதிரி பாடிங்க கொஞ்சம் தாங்கும். அந்த கூட்டத்துல லென்ஸ் மட்டும் மாத்தாதீங்க.

ஈரம் இத விட மெதுவா கொல்லும். நம்ம ஊர்ல கேமராவ அலமாரியில துணியோட வச்சா லென்ஸ்ல பூஞ்சை பிடிக்கும், ஒரு சின்ன டிரை கேபினெட் வாங்கி ஈரப்பதம் 40ல இருந்து 50 சதவீதத்துல வச்சுக்குங்க. மிரர்லெஸ்ல பூஞ்சை பிடிச்சா லென்ஸ் ஒன்னுதான் போகும், பாக்கெட் கேமராவுல பிடிச்சா முழு கேமராவே போன மாதிரி. ஏர்கான் ரூம்ல இருந்து வெளிய வரும்போது பேக்க மூடி வச்சு அரை மணி நேரம் விட்டுட்டு எடுங்க, பனி படியாது.

தீபாவளி நேரத்துல லிட்டில் இந்தியா முழுக்க எல்இடி லைட். சத்தம் வராம இருக்கட்டும்னு சைலன்ட் மோட்ல எடுத்துட்டு, வீட்ல வந்து பாத்தா படம் முழுக்க கருப்பு பட்டை பட்டையா இருக்கும், கேமரா கெட்டு போச்சுன்னு கடைக்கு தூக்கிட்டு போறாங்க. கெடல. எலக்ட்ரானிக் ஷட்டர் படத்த வரி வரியா படிக்குது, லைட் அதுக்குள்ள மின்னி முடிச்சுடுது. மலேசியாவுல கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால நெறய லைட்டுங்க வினாடிக்கு 100 தடவ மின்னும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாத்துங்க, இல்ல 1/50, 1/100ல வச்சு பாருங்க. ஒப்பிட்டு பாக்கும்போது கடையில ரெண்டு கேமராவுலயும் ஒரே ஷட்டர் மோட் இருக்கான்னு கவனிங்க, இல்லன்னா நல்ல கேமராவ கெட்டதுன்னு சொல்லிட்டு வந்துடுவீங்க.

செகண்ட் ஹேண்ட்ல, கேஎல் லோ யாட் பக்கமோ இங்க பிராங்கின் மால் பக்கமோ இல்ல ஆன்லைன்ல நேர்ல சந்திச்சோ வாங்குறதா இருந்தா, உங்க சொந்த கார்ட எடுத்துட்டு போங்க. லென்ஸுக்குள்ள போன் டார்ச் அடிச்சு சாய்ச்சு பாருங்க, சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா பூஞ்சை. அப்பர்சர எஃப் 11, 16னு எவ்வளவு அடைக்க முடியுமோ அவ்வளவு அடைச்சு வெள்ளை சுவத்த ஒரு படம் எடுத்து பெருசு பண்ணுங்க, மங்கலான கருப்பு புள்ளி இருந்தா சென்சார்ல தூசி. மிரர்லெஸ்ல அத ரப்பர் பம்ப் வச்சு ஊதி எடுத்துடலாம், அதனால விலை கொறைக்க மட்டும் கேளுங்க, ஆனா ஜிஆர்லயோ ஆர்எக்ஸ்100லயோ இருந்தா சர்வீஸ் சென்டர்ல முழுசா கழட்டணும், அந்த செலவ சேத்து கணக்கு போடுங்க. ஜூம அஞ்சாறு தடவ முழுசா உள்ள வெளிய ஓட்டி காது குடுத்து கேளுங்க, அரைக்கிற சத்தம் வந்தா விட்டுடுங்க. பேட்டரி வீங்கி இருக்கான்னு கழட்டி தடவி பாருங்க. "ஏபி செட்லா, விலை கம்மி"ன்னு (கம்பெனியோட அதிகாரப்பூர்வ ஏஜென்ட் வழியா வராம தனியா இறக்குமதி ஆனது) சொன்னா வாரண்டி யாரு பாப்பாங்க, கடையா கம்பெனியான்னு ரசீதுலயே எழுதி வாங்கிக்குங்க.